அலுவலகத்து மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நன்றாக இருக்கிறோம். என் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது தனிக்கட்சி ஆரம்பித்து நாளாகிறது. பாப்பாவுக்கே ஒரு பாப்பா பிறக்கப்போகிறது என்று உங்கள் அத்தை இந்தத் தெருவில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. மீட்டர் பார்க்க வந்தவரிடம்கூடச் சொல்லிவிட்டாள். அவர் என் பிரிவில் வேலை பார்க்கிறவர். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். நான் முறைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வழக்கம்போல் போன் செய்யாமல் இப்படி மின்னஞ்சலில் நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கேறிப் பாதியை விழுங்கிவிடுவேன். நிதானமாகப் படியுங்கள்.

நம் குடிநீர் அலுவலகத்துக்குப் புது ஆணையர் வந்திருக்கிறார். ஒரு அம்மா. கெட்டிக்காரர், வளவளவென்று பேசமாட்டார். அவர் வந்த கையோடு ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியின் ஆளும் வந்து சேர்ந்தார். என்ன வெயில் அடித்தாலும் கோட்டைக் கழற்றுவதில்லை என்பதால் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. தேன் ஒழுகப் பேசுகிறார். உங்கள் மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்கள் கம்பெனியுடையதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் இங்கே தற்காலிக ஊழியராக வந்த புதிதில் இந்த அலுவலகம் எப்படி இருந்தது என்று எனக்கல்லவா தெரியும்? எந்த வீடு எந்தத் தொட்டியில் சேர்ந்தது, எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். யாரோ எங்கோ எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு மென்பொருளை எடுத்து, நம் ஊர்க் குழாய்களுக்குத் தகுந்தபடி மாற்றி, இணைப்பு, பில், புகார் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கினீர்கள். அதையும் நீங்கள் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்த ஊர்க்காரர் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று திறந்தே வைத்தீர்கள். அதைப் பார்த்துத்தான் நான் என் பெண்ணையே கொடுத்தேன் என்று இப்போதும் அலுவலகத்தில் சொல்லிக்கொள்கிறேன். பாப்பா உங்களை முதலிலேயே முடிவு செய்துவிட்டாள் என்ற விஷயம் அவர்களுக்கு எதற்கு?

அந்த மென்பொருளுக்கு உள்ள பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். "மாப்பிள்ளை எழுந்தாச்சா?" என்று காலையில் கேட்டால் கணினியைப் போட்டாகிவிட்டதா என்று அர்த்தம். நின்றுபோனால் "மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாரு" என்று என்னிடம் ஓடி வருவார்கள். நான் உடனே உங்களைக் கூப்பிடுவேன். இதுவரை நீங்கள் ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் சரி செய்து கொடுத்திருக்கிறீர்கள். இப்படி ஒரு ஏற்பாடு எந்தக் கம்பெனியில் கிடைக்கும்?

கோட்டுக்காரர் கொடுத்த ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன். முதல் வருடம் இலவசம். அதற்குப் பிறகுதான் கதையே. நம் ஊர்க் கணக்கு முழுவதும் அவர்கள் இயந்திரத்தில் இருக்குமாம். திரும்ப வேண்டுமென்றால் அவர்கள் அனுமதி வேண்டும். உள்ளே எப்படி ஓடுகிறது என்று நாம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஒரு வார்த்தை மாற்ற வேண்டுமென்றாலும் அவர்கள் ஆள்தான் வர வேண்டும். பக்கத்து ஊரில் இதை வாங்கிவிட்டு, ஒரு தெருவைப் பட்டியலில் சேர்ப்பதற்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். ஊர்த் தண்ணீரின் குடுமியை ஒரே ஆள் கையில் கொடுத்துவிட்டு அவர் வாசலில் நாம் நிற்பதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

ஆணையர் அம்மா அவசரப்படவில்லை. வியாழக்கிழமை ஒரு கூட்டம் வைத்திருக்கிறார். தொட்டிமேட்டுத் தெருவைப் பழைய தொட்டியிலிருந்து புதுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும் அல்லவா, அதைத் தன் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு நகர மன்றத்துக்குத் தன் கருத்தை எழுதுவாராம். நம் ஊர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் சுற்றியுள்ள சின்ன ஊர்க்காரர்களும் உங்கள் மென்பொருளை எடுப்பார்கள், அவர்கள் எடுத்தால்தான் அதைப் பராமரிக்கிற உங்கள் குழுவுக்கு அடுத்த வருடமும் வேலை இருக்கும் என்று பாப்பா போன தடவை பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். குழந்தை வரும் நேரத்தில் உங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். நான் இருக்கிறேன். எதற்கும் வியாழனன்று போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

உங்கள் அத்தை கம்பளி நூல் வாங்கி என்னவோ பின்னிக்கொண்டிருக்கிறாள். குல்லாயா சாக்ஸா என்று இன்னும் தெரியவில்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாப்பாவை மாடிப்படி அதிகம் ஏறவிடாதீர்கள். எல்லாம் நல்லபடியாக முடியும், தைரியமாக இருங்கள்.

உங்கள் மேல் உள்ள அன்பிலும் பெருமையிலும் குறையாத,
மாமா

*

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் இதை எழுதுகிறேன். தாங்கள் ஆயிரம் வேலை உள்ளவர். இருந்தாலும் நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை.

கூட்டத்தில் ஆணையர், பொறியாளர், கோட்டுக்காரர், எங்கள் பிரிவு ஊழியர்கள் எல்லோரும் இருந்தார்கள். சுவரில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள். பட்டியலைத் திறந்தேன், தெருவைக் காட்டினேன், அதுவரை எல்லாம் ஒழுங்காகவே போனது. தொட்டியை மாற்றும் இடத்தில் மென்பொருள் அடம் பிடித்தது. புதுத் தொட்டியை முதலில் அதற்கு அறிமுகப்படுத்த வேண்டுமாம். அதை எங்கே செய்வது என்று எனக்குத் தெரியாது. எப்போதும் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன். எல்லோர் முன்னாலும் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தங்களைக் கூப்பிட்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. தாங்கள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அந்தப் பெரிய அறையில் தங்கள் போன் மணி மட்டும் கேட்கிறது, மற்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பொறியாளர் தண்ணீரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அப்போது தாகம் இல்லை.

நான் மூன்றாவது முறை கூப்பிட்டபோது கோட்டுக்காரர் வாயைத் திறந்தார். "சார், போன வாரம் நீங்க ஒண்ணு கேட்டீங்க, ஒரே ஆள் வாசல்ல போய் நிக்கணுமான்னு. இப்ப நீங்க யார் வாசல்ல நிக்கறீங்க?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "எங்க கம்பெனியில ஒருத்தர் எடுக்கலேன்னா இன்னொருத்தர் எடுப்பாங்க. உங்க மருமகன் நாளைக்கு உங்க மேல வருத்தப்பட்டா இந்த ஊருக்குத் தண்ணி விடறது யாரு?" என்று அவர் சேர்த்துக்கொண்டார். ஆணையர் மட்டும் சிரிக்கவில்லை. குறிப்பு எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள் என்று நான் எழுதியிருந்தேன். அது தங்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை போலிருக்கிறது. இத்தனை வருடம் இல்லாத மாப்பிள்ளை முறுக்கு இன்றைக்குத்தானா வர வேண்டும் என்று நினைத்தேன். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். இந்த அலுவலகத்தில் நான் தலை நிமிர்ந்து நடந்ததெல்லாம் தங்களால். இன்று தலை குனிந்ததும் தங்களால்.

ஆணையர் என்ன எழுதுவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தங்கள் குழுவுக்குச் சொல்ல வேண்டியதைத் தாங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாமா

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் வந்து நாலைந்து நாளாகிறது. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். "மாமா, மன்னிச்சிருங்க. அவளுக்குத் திடீர்னு பிரஷர் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில போனை வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டுத்தான் உள்ளே விட்டாங்க. இப்ப நல்லா இருக்கா. பயப்படாதீங்க. அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்தக் கடிதம் எழுத எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உங்கள் அத்தையிடம் பக்குவமாகச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. பதில் வந்தபோது அவளும் பக்கத்தில் நின்று படித்தாள். அதற்குக் கீழே நான் உங்களுக்கு அனுப்பியிருந்ததும் தெரிந்தது. அதையும் படித்தாள். அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு மட்டும் மேஜைக்கு வந்தது. மறுநாள் காலை, "எல்லாம் எழுதினீங்களே, பெத்த பொண்ணு எப்படி இருக்கான்னு ஒரு வரி கேட்டீங்களா அதுல?" என்றாள். போய் மறுபடி பார்த்தேன். கேட்கவில்லை. முழுகாமல் இருக்கும் பெண்ணின் பெயரே அந்தக் கடிதத்தில் இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

இதோடு போகவில்லை, மாப்பிள்ளை. அந்தக் கடிதத்தில் நான் ஒரு விஷயத்தை அமுக்கிவிட்டேன். கூட்டம் கோட்டுக்காரர் பேசியதோடு முடிந்தது என்று எழுதினேன் அல்லவா? அப்படி முடியவில்லை.

எங்கள் புகார்ப் பிரிவு அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களோடு நாள் முழுக்கப் பேசிப் பேசி அவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மைக் அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் நாலாவது முறை உங்கள் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சார், அதை எப்படிச் செய்யறதுன்னு நான் படிச்சு வச்சிருக்கேன். கடவுச்சொல்லை மட்டும் போட்டுக் குடுங்க. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிரலாம்" என்றார். அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த அம்மா குரலை அடக்கிப் பேசினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோருக்கும் கேட்கும்படி, "அதெல்லாம் அலுவலக ரகசியம், கண்டவங்க கையில குடுக்க முடியாது. போய் உக்காருங்க" என்றேன். அந்த அம்மா முகம் சுண்டிப்போய்த் திரும்பி நடந்தார். ஆணையர் குறிப்பு எழுதியது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து உங்கள் மேல் பழியைப் போட்டுக் கடிதம் எழுதினேன்.

நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மாமா, இது யார் வேணும்னாலும் திறந்து பார்க்கிற மாதிரிதான் வச்சிருக்கேன். ரெண்டு மூணு பேருக்குப் பழக்கி விட்டுருங்க. நான் இல்லேன்னாலும் ஓடணும்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் போன பிறகு முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றி என்னிடமே வைத்துக்கொண்டேன். மைக் அம்மா தானாக வந்து, வீட்டில் கணினி வாங்கிப் பழகியிருக்கிறேன், கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, "நீங்க உங்க புகாரைப் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போதெல்லாம் அது நின்றுபோகும். சின்னக் கோளாறு, ஒருத்தரை உட்கார வையுங்கள், நிரந்தரமாகத் தீர்த்துவிடலாம் என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நான் சரி சரி என்பேன். யாரையும் உட்கார வைக்கவில்லை.

பிறகு நான் ஆணையரைப் போய்ப் பார்த்தபோது, ஏன் என்று கேட்டார். பெருமைதான் என்று அவரிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஸ்பீக்கரில் உங்கள் குரல் வரும்போது அலுவலகமே என் மேஜையைச் சுற்றி நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம் நான் ஆணையரைவிடப் பெரிய ஆள். ஆனால் அவரிடம் முழுதும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள்.

அது நின்றால்தானே நான் உங்களைக் கூப்பிட முடியும்? நீங்கள் வேலையை முடித்துவிட்டு, "இருங்க மாமா, அவ பேசணுங்கறா" என்று போனை பாப்பாவிடம் கொடுப்பீர்கள். உங்கள் அத்தைக்கு இந்தச் சிரமமெல்லாம் இல்லை, அவள் நினைத்த நேரத்தில் கூப்பிட்டு நாள் முழுக்கப் பேசுவாள். எனக்கு அப்படி வராது. சும்மா கூப்பிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்ட பிறகு எனக்கு அடுத்த வார்த்தை கிடைக்காது, அவளும் "நீங்க சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், அதோடு சரி. அலுவலகத்தில் ஒரு கோளாறு என்றால் பேச்சு தானாக வரும். அதனால் ஊர்ப் பொதுச் சொத்தில் ஒரு கோளாறைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

கோட்டுக்காரர் பூட்டு விற்கிறார். அது அவர் பிழைப்பு. நான் நீங்கள் திறந்து வைத்துவிட்டுப் போன வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். அவரை நாலு பேர் முன்னால் நாக்கில் நரம்பில்லாமல் பேசினேனே, அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஆணையரைப் போய்ப் பார்த்தேன் என்று சொன்னேன். உங்கள் பதில் வந்த மறுநாள் போனேன். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொன்னேன். மென்பொருளில் குற்றம் இல்லை, வைத்திருந்த ஆளிடம்தான் குற்றம் என்றேன். கேட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கு வேலை தெரியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எனக்கு அந்தக் கம்பெனியும் ஒண்ணுதான், உங்க மாப்பிள்ளையும் ஒண்ணுதான். ஊர்ல குழாய் உடைஞ்சா இங்கே இருக்கிறவங்க கையால சரி பண்ண முடியணும். நகர மன்றம் கூடறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் உங்க ஆளுங்களே நடத்திக் காட்டட்டும். நடுவுல ஒரு தடவை உங்க மாப்பிள்ளைகிட்ட உதவி கேட்டீங்கன்னு தெரிஞ்சாலும் நான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார். அவர் நியாயமாகத்தான் பேசினார்.

அங்கிருந்து நேராகப் புகார்ப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மைக் அம்மாவிடம், அன்றைக்கு நான் பேசியது தப்பு என்றேன். அவர், "பரவாயில்ல சார், வரிசை நிக்குது, அப்புறம் பேசலாம்" என்றார். பரவாயில்லை என்று சொன்ன முகம் அது இல்லை. மத்தியானம் அவரையும் மீட்டர் பிரிவில் இருவரையும் உட்கார வைத்துக் கடவுச்சொல்லைச் சொன்னேன். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவளைக் கூப்பிட்ட செல்லப் பெயர்தான் அது. அலுவலகத்தில் மூன்று பேர் முன்னால் அதை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. மைக் அம்மா, "சார், இதை மாத்திரணும்" என்றார். மாற்றிவிட்டார்கள். புதியது எனக்குத் தெரியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தொட்டிமேட்டுத் தெருவை மாற்றப் போய், அந்தத் தெருவோடு இன்னும் இரண்டு தெரு பட்டியலிலிருந்தே காணாமல் போய்விட்டது. தண்ணீர் திறக்கிறவர்கள் வந்து நின்றுகொண்டு எந்தக் குழாயைத் திறப்பது என்று கேட்கிறார்கள். கோட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். என் கை என்னைக் கேட்காமலேயே சட்டைப்பைக்குப் போய்விட்டது. போனை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைப் பொறியாளரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று பேரும் திரையைப் பார்த்து ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டே தேடினார்கள். நீங்கள் உள்ளே எழுதி வைத்திருந்த குறிப்புகளை மைக் அம்மா உரக்க வாசித்தார், அலுவலகம் முழுவதும் கேட்டது. மாலை அலுவலகம் முடிகிற நேரத்துக்குத் தெருக்கள் திரும்பி வந்தன. அவர்கள் மூவரும் கை தட்டிக்கொண்டார்கள். நான் ஓரமாக நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய தேவையும் இல்லை.

இனிமேல்தான் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது, மாப்பிள்ளை.

மாதக் கடைசி வரப்போகிறது. அந்த அறிக்கை நிற்கும், அவர்கள் திண்டாடுவார்கள். பாப்பாவுக்கும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் நாள். நான் போனில் வந்தால் நடுவில் ஒரு வார்த்தை உங்களிடம் கேட்டுவிடுவேன். கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால்கூட நம்பாதீர்கள், என் வாய் எனக்குத் தெரியும். ஆணையர் என்னைப் பார்த்து, மாப்பிள்ளையிடம் பேசினீர்களா என்று கேட்டால், இல்லை அம்மா என்று நேராகச் சொல்ல வேண்டும். உங்கள் வேலையும் அந்த மூன்று பேர் உழைப்பும் என் வாயால் கெடக் கூடாது. ஆகையால் நகர மன்றக் கூட்டம் முடியும் வரையில் என் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். எத்தனை முறை வந்தாலும் எடுக்காதீர்கள். எடுக்கவில்லை என்று நான் எரிந்து விழுந்து கடிதம் எழுதினால் அதைப் படிக்காமல் அழித்துவிடுங்கள்.

பாப்பாவிடம் அப்பா கோபமாக இருக்கிறார் என்று மட்டும் தோன்றவிடாதீர்கள். அலுவலகத்தில் வேலை அதிகம் என்று ஏதாவது சொல்லி வையுங்கள். குழந்தை பிறந்ததும் உங்கள் அத்தையின் போனுக்குக் கூப்பிடுங்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன், போனை வாங்க மாட்டேன். முடிந்தால் குழந்தை அழும்போது போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்ப் பிடியுங்கள், உங்கள் அத்தைக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேரட்டும். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மாமா